ஸ்பீக்கர் காந்தம்

என் வீட்டுக்காரருக்குத் தவளக்குப்பத்தில் கிரில் பட்டறை. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று அங்கே உண்டு. வருகிற கம்பி இரும்பா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார். கண்ணில் இரும்புத்தூள் விழுந்தாலும் அதேதான் வைத்தியம். இமையைப் பிரித்துக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோவார். தூள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வேலையின்போது போட நான் வாங்கிக்கொடுத்த பாதுகாப்புக் கண்ணாடி சுவரில் ஆணியில் தொங்கும். ஆணியின் கண்ணாவது பத்திரமாக இருக்கட்டும் என்பேன்.

இடுப்பு வலி முற்றிப்போய், புதுச்சேரியில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். ஸ்கேன் அறை வாசலில் இருந்த பெண், மோதிரம், வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள்.

"வெள்ளிய காந்தம் இழுக்காதும்மா" என்றார். காந்தத்தைப் பற்றி அவருக்கே பாடமா?

"இழுக்காது சார், சூடாவும். ஒடம்புக்குள்ள இரும்பு எதனா இருக்குதா?"

"இல்ல."

"இன்னா வேல செய்றீங்க?"

"வெல்டிங்."

எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கண்ணில் தூள் விழுந்ததுண்டா என்று கேட்டாள்.

"வுழாத நாளே இல்ல. காந்தத்தாலயே எடுத்துடுவோம்" என்றார், பெருமையாக.

ஸ்கேனை நிறுத்திவிட்டு, முதலில் கண்ணை எக்ஸ்ரே எடுக்க அனுப்பினாள். படத்தில் இடது கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு பொட்டு, ரவையில் பாதிகூட இருக்காது. ஆழத்தில் புதைந்துவிட்டதை எங்கள் காந்தத்தால் அசைக்க முடியவில்லை.

"இந்த மிஷின் அசச்சிடும் சார். உள்ள படுத்திருந்தீங்கன்னா கண்ணு போயிருக்கும்" என்றாள்.

எம்.ஆர்.ஐ. கிடையாது என்று சொல்லி, கண் டாக்டருக்குச் சீட்டுக் கொடுத்து அனுப்பினார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, கடை போர்டுகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். டீக்கடை, மருந்துக்கடை, செல்போன் ரிப்பேர். எதுவும் தப்பவில்லை.

"தெரியுதுடி" என்றார்.

"தெரியுதுல்ல, கைய எடுங்க" என்றேன். என்ன வேலை என்று அந்தப் பெண் கேட்காமல் விட்டிருந்தால் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

தவளக்குப்பத்தில் இறங்கியதும் வீட்டுக்கு வராமல் பட்டறையைத் திறந்தார். காந்தம் மேசைமேல் கிடந்தது, அதைத் தொடவில்லை. ஆணியிலிருந்த கண்ணாடியை எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டார். வெட்ட ஒரு கம்பியும் எடுக்காமல், அப்படியே நின்றுகொண்டிருந்தார்.