குதிரைக்கும் ஒரு "இஞ்ச பாருங்கோ"

முதன்முதலாகக் குதிரைகளைப் படம் எடுக்கப் போன அன்று அறுநூறு எம்எம் லென்ஸைத்தான் கொண்டுபோனேன். கிட்ட நின்று சின்ன லென்ஸில் எடுத்தால் குதிரையின் தலை பூசணிக்காய் மாதிரிப் பெருத்துவிடும், தூர நின்று எடுத்தால்தான் உடம்பு அளவாக விழும் என்று எல்லோருக்கும் விளக்கம் சொன்னேன். விளக்கம் சரிதான். ஆனால் உண்மைக் காரணம் வேறு. எனக்குக் குதிரை என்றால் பயம்.

என்னை அனுப்பியவர் ஸ்ரூடியோ முதலாளி சிவா அண்ணை. அதுவரை இருபது வருடமாகக் கனடாவில், ஸ்காபரோவில் கல்யாணவீடும் சாமத்தியவீடும்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"நீ நெடுந்தீவான் எல்லே? உங்கட ஊர் முழுக்கக் குதிரைதானே. போட்டு வா."

"அண்ணை, அது காட்டுக் குதிரையள். நாங்கள் தூர நிண்டு பாக்கிறதோட சரி."

"அப்ப தூர நிண்டே எடு. குதிரை மேக்கப் சரியில்லை எண்டு சண்டை பிடிக்காது, அல்பம் எப்ப எண்டு போன் அடிக்காது. உனக்கு வேறென்ன வேணும்?"

நகரத்துக்கு வடக்கே ஒரு மணித்தியால ஓட்டம். கைவிடப்பட்ட குதிரைகளைப் பராமரித்து, அவற்றுக்கு வீடு தேடிக் கொடுக்கும் பண்ணை. நடத்தியவர் ஹெலன் என்ற அம்மா. மதியத்துக்குள் எல்லாக் குதிரைகளையும் எடுத்தாயிற்று, பிஸ்கெட்டைத் தவிர. மண்ணிறம், பதினெட்டு வயது.

"இவன் படத்தைப் பார்த்து ஒருவரும் வருவதில்லை" என்றார் ஹெலன். "எந்தப் படத்திலும் காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு நிற்கிறான். கடிப்பான் என்று நினைக்கிறார்கள். பனிக்கு முன் வீடு கிடைக்காவிட்டால் வேறு மாகாணத்துக்கு அனுப்பவேண்டும். இந்த வயதில் அவ்வளவு தூரம் லொறியில் தாங்குவானா தெரியவில்லை."

வேலி படத்தில் விழும் என்று என்னையும் வயலுக்குள் விட்டுவிட்டார். அறுபது மீற்றர் தள்ளி, லென்ஸைத் தாங்கும் ஒற்றைக்கால் மொனோபொட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் காதை முன்னுக்குத் திருப்ப ஹெலன் தீனி வாளியைக் குலுக்கினார். பிஸ்கெட் திரும்பியும் பார்க்கவில்லை. வெறும் வாளியைக் காட்டி எத்தனை பேர் ஏமாற்றினார்களோ! பிளாஸ்ரிக் பையைக் கசக்கினார், அப்பிளைக் காட்டினார். காது மடிந்தபடியே இருந்தது. நேரமும் போய்க்கொண்டிருந்தது.

ஆத்திரத்தில், பழக்கதோஷத்தில், வாய் தானாகத் திறந்தது. மேளச் சத்தத்துக்கு மேலால் கத்திப் பழகிய குரல்.

"மாப்பிள்ளை! இஞ்ச பாருங்கோ! நாடியைக் கொஞ்சம் உயர்த்துங்கோ!"

பிஸ்கெட்டின் இரண்டு காதுகளும் டக்கென்று முன்னுக்கு வந்தன. கழுத்து நிமிர்ந்தது. பதினெட்டு வருடத்தில் அவன் தமிழ் கேட்டிருக்கமாட்டான். விரலை ஷட்டரில் இருந்து எடுக்காமல் அழுத்தினேன்.

"அப்பிடித்தான் மாப்பிள்ளை! சோக்காயிருக்கு!"

பிரேமில் முழுக்குதிரை இருந்தது. பிறகு தலை மட்டும். பிறகு ஒரு கண். பிறகு எல்லாம் மங்கல். லென்ஸ் பழுதாகிவிட்டது என்று சுவிச்சைத் தட்டிப் பார்த்தேன். அந்த லென்ஸ் ஒன்பது அடிக்குள் போகஸ் பிடிக்காது என்பது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. கமராவில் இருந்து கண்ணை எடுத்தால், முகத்துக்கு முன்னால் மூக்கு!

ஓடவில்லை. கால் வரவில்லை, அதுதான் காரணம். பிஸ்கெட் என் தொப்பியை மோந்து பார்த்துவிட்டுத் தோளில் தாடையை வைத்தான். சூடாக இருந்தது. ஹெலன் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து அழுதார்.

படத்தை இணையத்தில் போட்ட மூன்றாம் நாள் ஒரு தம்பதி வந்து பார்த்தார்கள். பனிக்கு முன்னரே கூட்டிப்போனார்கள். அவர்களுக்கு ஹெலன் எழுதிக் கொடுத்த குறிப்பின் பிரதியை எனக்கும் அனுப்பியிருந்தார். எந்நேரம் தீனி, என்ன மருந்து எல்லாம் இருந்தது. கடைசி வரியில்: "பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரமாட்டான். இப்படிக் கூப்பிடவும்." அதற்குக் கீழே, ஆங்கில எழுத்தில், "மாப்பிள்ளை, இஞ்ச பாருங்கோ."

புதிதாகக் கமரா தூக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பயமென்றால் தூர நில்லுங்கள், வெட்கமில்லை. நானும் இன்றைக்கும் அதே அறுநூறு எம்எம்மோடுதான் நிற்கிறேன். ஆனால் வாயை மூடிக்கொண்டு நிற்காதீர்கள். கூப்பிட்டால் வரும்.