மஞ்சள் நூல் கட்டிய நெல்

சிதம்பரத்தில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது எனக்குக் கிடைத்தது யாரும் விரும்பிக் கேட்காத வயல். புவனகிரிக்குக் கிழக்கே, வெள்ளாறு கடலை நெருங்கும் பக்கத்தில் இருந்தது. மழை விட்டுக் கொஞ்ச நாளிலேயே வரப்போரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். எனக்கு வேண்டியதும் அப்படிப்பட்ட நிலம்தான். உப்பைத் தாங்கி விளையும் நெல்லைத் தேடுவது என் வேலை. பல ஊர்களிலிருந்து சேர்த்த நெல் வகைகளை வரிசை வரிசையாக நட்டு, எது கருகுகிறது, எது பிழைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நிலம் ஒரு கணவன் மனைவிக்குச் சொந்தம். மகளைப் பண்ருட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், மகன் பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். அந்த அம்மாளை முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் அக்கா என்றால் வீட்டுக்காரர் மாமா ஆகத்தானே வேண்டும். மாமா கிண்டல்காரர். "எல்லாரும் நல்ல நெலமா தேடிப் போறாங்க. என் கழனிய தேடிக்கினு வந்தது நீங்க ஒருத்தர்தான் மேடம்" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

சுற்றியிருந்த வயல்களில் பாதி இறால் குட்டையாகிவிட்டிருந்தன. குட்டைக்காரர் இவர்கள் நிலத்தையும் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமாவுக்குப் பாதி மனசு. நெல் போட்டுப் பதரை அறுப்பதில் அவருக்கு அலுத்துவிட்டது. அக்காவுக்கு அறவே பிடிக்கவில்லை. "ஒருவாட்டி கடல் தண்ணிய உட்டுட்டா அப்பறம் அதுல புல்லாவது மொளைக்குமா?" என்று கேட்டார். அவர் பயந்ததில் தப்பில்லை. அப்படி நிரப்பிய நிலத்தை நெல்லுக்குத் திருப்புவது லேசான காரியம் இல்லை என்று எனக்குப் பாடமாகவே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கடைசியில் என் வரிசைகளில் ஏதாவது ஒன்று விளைந்தால் நிலம் இவர்களிடமே இருக்கும், விளையாவிட்டால் குட்டைக்குப் போய்விடும் என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். அதை என்னிடம் ஒளிக்கவும் இல்லை. நான் பையைக் கீழே வைப்பதற்குள், "எதுனா தேறுமா மேடம்?" என்பார் மாமா. எனக்கு எரிச்சலாக வரும். பயம் எனக்கு எப்போதும் எரிச்சலாகத்தான் வெளியே வரும்.

கார்த்திகை மழை நின்றதும் இலைகளின் நுனி வெளுத்துக் கருகத் தொடங்கியது. வரப்பை ஒட்டிய ஒரு வரிசையில் ஒரே ஒரு குத்துப் பயிர் மட்டும் கொஞ்சம் பச்சையாக நின்றது. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கண்ணில் பட்டதை அடையாளம் வைக்காமல் வரக் கூடாது. கொண்டுபோன அடையாள அட்டைகள் தீர்ந்துவிட்டன. அட்டை கட்டுவதற்காக வாங்கிய நூல்கண்டு மட்டும் பையில் இருந்தது. புவனகிரி பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் வெள்ளை நூல் இல்லை என்று மஞ்சள் நூலைக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு முழம் அறுத்துக் குத்தின் அடியில் தளர்வாகக் கட்டினேன்.

"என்ன மேடம், நாத்துக்குத் தாலி கட்டிட்டீங்க?" என்றார் வரப்பில் நின்ற மாமா.

"சும்மா இரு. எதுல வெளையாடறதுன்னு ஒரு இது இல்ல?" என்றார் அக்கா. அவர் குரல் அப்படிக் கனத்து நான் கேட்டதில்லை. இருவருக்கும் வீட்டில் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன்.

அதன்பிறகு வாரம் ஒருமுறை போனேன். காலையில் வகுப்பு முடித்து, பஸ் பிடித்து, ஷேர் ஆட்டோ மாறி நான் போய்ச் சேரும்போது உச்சி வெயிலாகிவிடும். மற்ற வரிசைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டு வந்தன. கதிர் வந்தவற்றிலும் அமுக்கிப் பார்த்தால் பால் பிடிக்கவில்லை. நூல் கட்டிய குத்து மட்டும் தூர் பெருகி, தண்டு தடித்து, தை பிறக்கும்போது கதிர் கனத்துத் தலை சாய்ந்துவிட்டது. அதன் அடியில் மட்டும் உப்புப் பூக்கவில்லை. அதையும் நான் பார்த்தேன். செடி அடர்த்தியாக இருப்பதால் மண் காயவில்லை என்று காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன். பரிசோதனைக்கு மண் எடுப்பது வயலின் நடுவில்தான். ஒரு குத்தின் அடியில் தோண்டிப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

குட்டைக்காரர் பொங்கலுக்கு முன்னால் மறுபடி வந்தார். மாமா அவரைக் கையோடு வரப்புக்கு அழைத்துப் போய்க் காட்டினார். "பாத்தியா மச்சான், என் கழனியிலதான் இது வெளஞ்சிருக்கு. இன்னும் ஒரு போகம் பாத்துட்டுச் சொல்றேன்." வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் அனுபவித்ததில்லை. என் ஆராய்ச்சிப் பட்டத்தைப் பற்றிய நினைப்பே அதில் இல்லை. அவர்கள் நிலம் பிழைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கதிர்களை அறுத்துக் காகிதக் கவரில் போடும்போது, "கொஞ்சம் குடு பாப்பா" என்று அக்கா கையை நீட்டினார். வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, திருப்பி என் கையிலேயே வைத்தார்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் அந்த நெல்லைப் பார்த்து மகிழ்ந்தார். உடனே, "ஒரு குத்த வச்சு எதுவும் சொல்லிடாதம்மா, வெதச்சுப் பாப்போம்" என்றும் சொன்னார். வலை போர்த்திய செடிக்கூடத்தில், தொட்டிகளில் அந்த விதையைப் போட்டு முளைக்க வைத்து, பிறகு உப்புத் தண்ணீர் விட்டேன். பக்கத்துத் தொட்டியில் உப்பைத் தாங்காத சாதாரண நெல். இரண்டும் ஒரே வாரத்தில் கருகின. என் கையில்தான் ஏதோ பிழை என்று மறுபடி விதைத்தேன். மறுபடியும் கருகின. அந்தத் தொட்டிகளை இரண்டு நாள் எடுத்துக் கொட்டாமல் அப்படியே வைத்திருந்தேன். கொட்டினால் முடிந்துவிடும் என்று தோன்றியது.

ஆடி மாதம் அதைச் சொல்லப் போனேன். மாமா வெளியே போயிருந்தார். அக்கா ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஊரில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. தெருக்கோடிக் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவதுதான் நல்ல தண்ணீர், அதற்கும் வரிசை. நான் குடித்து முடிப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"அந்தக் கதிர எந்தக் கோயில்ல போட்ட பாப்பா? திருவந்திபுரமா?"

"என்ன கோயில்க்கா?"

"கழனியில முடிஞ்சி வச்சியே, அது."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கடலூரில் எங்கள் வீடு வேதக்கார வீடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச், ஜெபத்தோடு சரி. வேண்டிக்கொண்டு மஞ்சள் நூல் முடிவார்கள், நிறைவேறினால் போய்ச் செலுத்துவார்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரியும், இந்த மாவட்டத்தில் அது யாருக்குத் தெரியாது. ஆனால் என் கையில் இருந்தபோது அது அட்டை கட்டும் நூல் மட்டும்தான்.

"அது அடையாளத்துக்குக் கட்டுனதுக்கா" என்றேன்.

"இருக்கட்டும். மஞ்ச நூலு கட்டியாச்சுல்ல" என்றார். "வேதக்காரப் பொண்ணு நம்ம கழனிக்காக வேண்டிக்கினு முடியுதேன்னு எனக்கு மனசே தாங்கல. சாமிக்கு உட்ட பயிரு வாடலாமா? அன்னியிலேர்ந்து தெனம் காலையில குளிச்சிட்டு ஒரு சொம்பு தண்ணி ஊத்திட்டு வருவேன். நீ வந்து அறுக்கற வரைக்கும் ஊத்துனேன்."

"எந்தத் தண்ணிக்கா?"

"புடிச்சி வச்ச கொழா தண்ணிதான். சாமிக்கு யாருனா உப்புத் தண்ணி ஊத்துவாங்களா?"

கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்தேன். ஒவ்வொரு நாளும் விட்ட நல்ல தண்ணீர் அந்த ஒரு குத்தின் வேரிலிருந்து உப்பை இறக்கிவிட்டிருக்கிறது. வேறொன்றும் இல்லை. இதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் உதவவில்லை. தொட்டியில் நெல் கருகியதையும் வயலில் அது பிழைத்த காரணத்தையும் வரிசையாகச் சொன்னேன்.

"அப்போ அந்த நெல்லுல ஒண்ணும் இல்லியா?"

"இல்லக்கா."

"தண்ணிதானா?"

"தண்ணிதான்."

அவர் வாசல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "ஒரு குத்துக்கே ஒரு சொம்பு. கழனி முழுக்க ஊத்த நா எங்கம்மா போவேன்?" என்றார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிளம்பும்போது, மிச்ச விதை இருந்தால் கொஞ்சம் கொடுக்கச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அடுத்த முறை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த ஆண்டே நிலம் குட்டைக்குப் போனது. என் ஆராய்ச்சிப் பட்டம் நின்றுபோகவில்லை. எது எது தாங்கவில்லை என்று எழுதினாலும் பட்டம் கொடுக்கிறார்கள். இப்போது கடலூரில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மண் கொண்டுவருகிறவர்களிடம், எடுத்த இடத்தில் யாராவது தனியாகத் தண்ணீர் ஊற்றுவதுண்டா என்று நான் கேட்பதைப் பார்த்துக் கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள்.

போன மாசியில் ஒரு வேலையாகப் புவனகிரி வரை போனவள், அங்கேயும் போய்விட்டு வந்தேன். மாமா அந்தக் குட்டைக்கே காவலாக இருக்கிறார். மோட்டார் போட்ட சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும், "வாங்க மேடம், இறாலுக்கும் எதுனா ஆராய்ச்சி இருக்கா?" என்றார். அக்கா என்னை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனார். வாசல் நிலையில் ஒரு கொத்து நெற்கதிர் தொங்கியது. அதன் காம்பில் மஞ்சள் நூல் சுற்றியிருந்தது. நான் கொடுத்த விதையைப் பாதியாக அறுத்த ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் மண் போட்டு, வீட்டு வாசலில் வைத்து, குழாய்த் தண்ணீர் ஊற்றி விளைய வைத்திருக்கிறார்.

"உன்னுதுதான் பாப்பா. நீ மறந்துட்ட, நா செலுத்திட்டேன். முடிஞ்சி வச்சத அப்படியே உட்டுடக் கூடாது" என்றார். "நீ வாயத் தொறந்து வேண்டிக்கலன்னாலும் கட்டும்போது மனசுல எதுனா இருந்திருக்கும்ல. அது இன்னான்னு எனக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு நெனச்சத குடுத்துடு தாயேன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன்."

நான் கதிரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் குத்தில் நூலைக் கட்டும்போது என் மனதில் இருந்தது ஒன்றுதான். இந்த நிலம் இவர்களுக்கு விளைய வேண்டும். அந்த நிலத்தின் மேல் இப்போது இடுப்பளவு உப்புத் தண்ணீர் நிற்கிறது.