பாய்மர உச்சியில் எறும்பு

மைக்கை அணைத்துவிட்டு, அணைந்ததா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு, ஹெட்போன் கம்பியில் உள்ள குட்டிப் பொத்தானின் மேல் பிளாஸ்திரி ஒட்டி அழுத்தித் தேய்க்கிறாள். கை தவறிக்கூடத் திறந்துவிடக் கூடாது. அதன் பிறகுதான் அலுவலகத்தின் இணையவழிக் காலைக் கூட்டத்துக்குள் நுழைவாள். தன் முறை வந்ததும் "மைக் கோளாறு" என்று தட்டச்சு செய்வாள். அந்த மைக் இரண்டு வருடமாகக் கோளாறாகவே இருக்கிறது.

ஒரு ஃபிரிட்ஜ் நிறுவனத்துக்கு வரும் புகார்களுக்கு வீட்டிலிருந்தபடி பதில் எழுதுவது அவள் வேலை. கொதித்துப்போய் எழுதியவர்கள்கூட அவள் பதிலைப் படித்துவிட்டு நன்றி சொல்வார்கள். எழுத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாயைத் திறந்தால்தான் வம்பு. முதல் எழுத்திலேயே சொல் சிக்கிக்கொள்ளும். பேனாவால் மேசையைத் தட்டித் தட்டி அதை வெளியே கொண்டுவருவதற்குள் எதிரில் இருப்பவர் தாமே ஊகித்து முடித்துவிடுவார். அண்ணிக்கு இதில் வேகம் அதிகம்.

"அண்ணி, கு... கு..."

"குடையா? இந்தா, பிடி."

குப்பையை வெளியே வைக்கச் சொல்ல வந்தவள் குடையோடு திரும்புவாள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பின் மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அது நாள் முழுக்கப் பேசும் வேலை. ஏற்கெனவே இரண்டு முறை, அவள் பதில்களைப் பார்த்து எழுதுகிறவர்களுக்கே அது போய்விட்டது. வரும் திங்கட்கிழமை மறுபடியும் ஆள் கேட்கப்போகிறார்கள்.

அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போனதும் வீடு வாயடைத்துப்போகும். அந்த அமைதி தாங்காமல்தான் ஒருநாள், திரையின் ஓரத்தில் 'மாலுமி'யின் நேரலையைத் திறந்து வைத்தாள். அவர் காலையில் செல்போன் பழுதுபார்ப்பவர். மதியத்துக்கு மேல் கணினி விளையாட்டில் கப்பல் ஓட்டுபவர். மூடுபனியில், பாறைகளுக்கு நடுவே கப்பலைக் கரைசேர்க்க வேண்டும். சுக்கான் பிடிப்பவருக்குப் பனி மட்டுமே தெரியும். பாறை தெரிவது பாய்மர உச்சியில் நிற்பவருக்குத்தான்; அவர் மைக்கில் வழி சொல்ல வேண்டும். தினமும் மூழ்குவார்கள். தினமும் கெக்கலி கொட்டிச் சிரிப்பார்கள். சாட்டில் அவள் பெயர் 'எறும்பு'. கடித்தால் சுருக்கென்றிருக்கும் என்று அவர்களே வைத்தது. அங்கே அவள் எழுதும் வரியை யாரும் பாதியில் பிடுங்கி முடிப்பதில்லை.

உச்சியில் யார் நிற்பது என்பதைப் பார்வையாளர்களிடையே குலுக்கல் தீர்மானிக்கும். இதுவரை தன் பெயர் வரும்போதெல்லாம் நழுவியிருந்தாள். போன சனிக்கிழமை, எறும்பு என்று திரையில் விழுந்தபோது, என்ன தோன்றியதோ, பிளாஸ்திரியைக் கிழித்தாள்.

"வா எறும்பு! என்ன தெரியுது?"

இடது பக்கம் ஒரு பாறை. "இ... இ..." கப்பல் பாறையில் உராய்ந்தது. அவளுக்குக் காது சூடாகிவிட்டது. கை தன்பாட்டுக்குப் பேனாவால் மேசையைத் தட்டியது.

"அது என்ன சத்தம், பேனாவா? நல்லதாப் போச்சு," என்றார் மாலுமி. "இடது பக்கம் திருப்பணும்னா ஒரு தட்டு. வலதுன்னா ரெண்டு. பதறாத. கப்பல்தான் மூழ்கும், நாம மூழ்க மாட்டோம்."

டக், டக். கப்பல் வலப்புறம் திரும்பியது. டக். இடப்புறம். பாறைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. இதுவரை எவரும் எட்டிப்பார்க்காத இடத்துக்கு வந்துவிட்டார்கள். அப்போதுதான் நேர் எதிரே சுவர்போல ஒரு பாறை எழுந்தது. இதற்குத் தட்டு கிடையாது.

"பா... பா..."

"போட்டாச்சு நங்கூரம்! இனி நீ நிதானமா சொல்லு, கேக்கிறேன்."

கப்பல் நின்றது. அவரும் காத்திருந்தார். யாரும் அவளுக்குப் பதிலாகப் பேசவில்லை. அவள் மூச்சை இழுத்து, "நங்... நங்கூரத்தை எடுங்க. பாறைக்கு வ... வலது பக்கம் சந்து இருக்கு. அந்தப் பக்கம் க... கரை!" என்று கத்தியே விட்டாள்.

விடுமுறையில் இருந்த அண்ணி, கரண்டியோடு ஓடிவந்தாள். "யாருடி கத்துனது? நீயா?"

"நாங்க க... க..."

அண்ணி வாயைத் திறந்தாள். திரையில் கப்பல் துறைமுகத்தில் முட்டி நிற்பதையும், சாட் முழுக்க எறும்பு படங்கள் பொழிவதையும் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"...கரை சேந்துட்டோம் அண்ணி!"

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் மேலாளர், "புது ஆளுங்களுக்கு யாரு சொல்லித் தர்றீங்க?" என்று கேட்டார். பதிலுக்கு டக், டக் என்று கேட்டது.

"யாருங்க அது, கதவைத் தட்டுறது?"

"நா... நா..."

"அட, உங்க மைக் சரியாயிடுச்சா! என்ன, நாளைக்குச் சொல்றீங்களா?"

நானே சொல்லி முடிக்கிறேன், பொறுங்கள் என்பதுபோல், அவள் கேமராவுக்கு நேராக உள்ளங்கையை உயர்த்திக் காட்டினாள். மறு கையில் இருந்த பேனா, எந்த அவசரமும் இல்லாமல், மேசையை இன்னொரு முறை தட்டியது.