அக்டோபர் மூன்றாம் நாள்

நதால் பெரின் இறந்தது 1316ஆம் ஆண்டு நவம்பர் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன்பு. பங்குக் கோயில் ஏட்டில் அவன் வயதை அறுபத்தைந்து என்று எழுதியிருக்கிறார்கள். அது தவறு. அவன் பிறந்தது 1252ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று. நதால் என்ற பெயரே அதனால் வைத்ததுதான். ஆகவே அறுபத்து மூன்று ஆண்டு, பத்து மாதம், பதினைந்து நாள்.

ஒரே சந்தில் வளர்ந்தோம். பிறகு என் தங்கை கத்தரூசாவை அவன் மணந்துகொண்டான். நான் வெனிஸ் பெருமன்றத்தின் பெயரேடுகளை முப்பத்தெட்டு ஆண்டுகள் எழுதியவன். அவனைப் பற்றி எந்த ஏட்டிலும் சரியாக எழுதப்படவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

அவனுடைய அப்பா தண்ணீர்ப் படகுக்காரர். நிலப்பக்கத்து ஆற்றிலிருந்து நல்ல தண்ணீரை மொண்டு வந்து, காயலைக் கடந்து, கிணறு உப்பாகிப்போன வீடுகளுக்கு விற்றவர். நதால் பத்து வயதிலிருந்து அந்தத் துடுப்பைப் பிடித்தான். இருபத்தொன்றாம் வயதில் முதன்முதலாகக் கிரீட் தீவுக்குக் கப்பலேறினான். கையில் காசில்லை. சந்தில் பதினோரு பேர் கொடுத்தார்கள்: மெழுகுவத்தி விற்கும் கைம்பெண், ரொட்டிச் சூளைக்காரர், என் அப்பா, இன்னும் எட்டுப் பேர். முதல் போட்டவர்கள் வீட்டில் இருப்பார்கள், இவன் கடலில் போவான், லாபத்தில் கால் பங்கு இவனுக்கு. கப்பல் மூழ்கினால் யாரும் யாருக்கும் பாக்கியில்லை. எங்கள் ஊரில் தகப்பன் சொத்தில்லாத எத்தனையோ பேர் அப்படித்தான் மேலே வந்தார்கள். நதால் பாலாடைக்கட்டியும் மெழுகும் கொண்டுவந்து இறக்கினான். பதினோரு பேருக்கும் அவனே வீடு வீடாகப் போய்க் கொடுத்தான். மெழுகுவத்திக்காரிக்குக் கொடுத்தபோது அவள் எண்ணிப் பார்க்கவில்லை. "எண்ணிக்கோ ஆத்தா, நான் எண்ணத் தெரியாதவன்" என்று வாசலிலேயே நின்றானாம்.

நாற்பது வயதுக்குள் இருபத்து மூன்று பயணம். ஒரு கப்பலில் மூன்றில் ஒரு பங்கு அவனுடையது. கஸ்தெல்லோ பகுதியில் கல்வீடு கட்டினான். பிறந்த மூன்று பிள்ளைகளில் தங்கியது லுனார்தோ ஒருவன்தான். அந்த நாட்களில் ரியால்தோ சந்தையில் ஒருவனைப் பார்த்தால் அவன் தகப்பன் யார் என்று கேட்கமாட்டார்கள். கப்பல் எப்போது வந்தது என்றுதான் கேட்பார்கள். அதில்தான் எல்லோரும் ஏமாந்தோம். கப்பல் இருந்தால் போதும் என்று நினைத்தோம்.

பெருமன்றத்துக்கு ஆண்டுதோறும் அதிதூதர் மிக்கேல் திருநாளன்று ஆள் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் சொல்ல ஆட்கள் உண்டு. அவர்கள் சொல்லும் பெயரை வாசித்து ஏட்டில் ஏற்றுவோம். கடலில் ஓடுகிற வியாபாரிகள் பலருக்கு அது ஒரு தொல்லை. உறுப்பினர் ஆனால் அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போக முடியாது, ஞாயிற்றுக் கூட்டம் தவறினால் அபராதம். நதால் என்னைக் கேலி செய்வான்.

"ஏன் மச்சான், அந்தக் கூடத்துல நானூறு பேர் உக்காந்து என்னதான் பண்றீங்க?"

"சட்டம் போடறாங்க. நான் எழுதறேன்."

"காத்து எந்தப் பக்கம் அடிக்கணும்னு ஒரு சட்டம் போடச் சொல்லு. அப்ப வர்றேன்."

1293இல் அவன் பெயரையே வாசித்துவிட்டார்கள். செப்டம்பர் இருபத்தொன்பது, செவ்வாய். அவன் ஊரில் இல்லை. கப்பலுக்குக் கீல் பூசுவதைப் பார்க்கக் கியோஜ்ஜாவுக்குப் போயிருந்தான். வேண்டாம் என்பவர் மூன்று நாளைக்குள் வந்து சொல்ல வேண்டும். அதாவது அக்டோபர் இரண்டு, வெள்ளிக்கிழமை மாலை மணி அடிக்கும் வரை. அதற்குப் பிறகு பெயர் நின்றுவிடும். நதால் மறுநாள், சனிக்கிழமை காலை, காலணியெல்லாம் சேறாக என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"என் பேரை எடுத்துரு."

"நேத்தே வந்திருக்கணும் மாப்ள. நாள் தாண்டிடுச்சு."

"நாளைக்கு அபூலியாவுக்குக் கோதுமை ஏத்தப் போறேன். முப்பத்தொரு பேர் காசு என் பையில இருக்கு. அவங்ககிட்ட போய் என்ன சொல்லட்டும்? என்னை நாற்காலியில கட்டிப் போட்டுட்டாங்கன்னா?"

"விதி அப்படி."

"விதியை எழுதறது யாரு? நீதானே. நேத்து சாயங்காலம் வந்தேன்னு எழுது. பேனாவுக்கு வலிக்கவா போகுது?"

பக்கத்து மேசைக்காரர் இல்லை. நான் அவன் பெயர் மீது ஒரு கோடு இழுத்தேன். ஓரத்தில், "அக்டோபர் இரண்டாம் நாள் மாலை தானே வந்து மறுத்தார்" என்று எழுதினேன். முப்பத்தெட்டு ஆண்டுகளில் நான் எழுதிய பொய் அது ஒன்றுதான். அவன் இடத்துக்கு அடுத்த பெயர், கயிறு வியாபாரி பியாசியோ. நல்ல மனிதர், கடல் ஒத்துக்கொள்ளாது. படகிலேயே வாந்தி எடுப்பார். கூடத்தில் கணப்பு இருக்கிறது, குளிர்காலத்துக்கு நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நதால் கோதுமையோடு திரும்பி வந்ததும் எனக்கு ஒரு குடம் கிரீட் மது அனுப்பினான்.

1297இல் அந்தச் சட்டம் வந்தது. கடந்த நான்கு ஆண்டில் மன்றத்தில் உட்கார்ந்தவர்கள், வழக்குகளைத் தீர்க்கும் நாற்பதின்மர் அவையில் பன்னிரண்டு வாக்குப் பெற்றால், இனித் தொடர்ந்து உறுப்பினர்கள். அவர்களுக்குப் பிறகு அவர்கள் பிள்ளைகள். மற்றவர்களை மூன்று பேர் குழு ஒன்று முன்மொழிந்தால் பார்க்கலாம். நான்கு ஏடுகளையும் பார்த்துப் பட்டியல் எழுதும் வேலை எனக்குத்தான் வந்தது. 1293ஆம் ஆண்டு ஏட்டில் நான் இழுத்த கோட்டின் மேல் என் விரல் வந்து நின்றது நினைவிருக்கிறது. பியாசியோவின் பெயரை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

நதால் முதலில் சிரித்தான். "கதவைப் பூட்டிக்கிட்டு உள்ள உக்காரட்டும். கடலுக்கு ஏது கதவு?"

கடலுக்கும் கதவு வந்தது. மூன்று ஆண்டுகளில் துறைமுகப் பதவி, வெளியூர்ப் பிரதிநிதி, கப்பல் கூட்டத்துக்குத் தலைமை என்று எதைத் தொட்டாலும், கூடத்தில் பெயர் உண்டா என்று கேட்டார்கள். லுனார்தோவுக்கு அப்போது பதினெட்டு. கிரேக்கம் பேசுவான், காற்றை அப்பாவைவிட நன்றாகப் படிப்பான் என்று அப்பாவே சொல்வான். பியாசியோவின் மகன் தொமாதோவும் அவனும் ஒன்றாய் நீந்தி வளர்ந்தவர்கள். ஞாயிறுகளில் தொமாதோ உள்ளே போவான். லுனார்தோ முற்றத்தில் நின்று அவனுக்காகக் காத்திருப்பான். எழுத்தறைச் சன்னலிலிருந்து எனக்குத் தெரியும். ஒருநாள் வெளியே வந்து, "உள்ளே வா, மழை பெய்யுதே" என்றேன்.

"வேண்டாம் மாமா. அப்புறம் யாராவது நீ யார்னு கேப்பாங்க. நீங்க பதில் சொல்லணும்."

நதால் அந்த மூன்று பேர் குழுவிடம் இருமுறை போனான். முதல்முறை, பார்க்கலாம் என்றார்கள். இரண்டாம் முறை அதில் ஒருவர், "தண்ணி வித்த பெரின் வீடுதானே?" என்று கேட்டாராம். அவருடைய தாத்தா வெங்காயம் விற்றவர்; என்னிடம் பதிவு இருக்கிறது.

1300ஆம் ஆண்டு தவக்காலம், மூன்றாம் வாரம். நதாலும் கத்தரூசாவும் என் வீட்டுக்கு வந்தார்கள். அவள் வெங்காயமும் புளிக்காடியும் ஊற்றி ஊறவைத்த மத்தி மீனைச் சட்டியோடு கொண்டுவந்தாள். நதால் உட்காரவில்லை.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன். அந்த வருஷம் நான் எந்த நாள் வந்தேன்?"

நான் மீன் சட்டியை ஓரமாக நகர்த்தினேன்.

"மூணாம் தேதி, சனிக்கிழமை. நாள் தாண்டி வந்தேன். நாள் தாண்டினா பேர் நின்னுடும்னு நீதான் சொன்னே. அப்ப என் பேரு அங்க நிக்குது. இல்லையா? நான் பொய் எழுதச் சொல்லல. நிஜத்தைச் சொல்லச் சொல்றேன்."

அவன் சொன்னது சட்டப்படி சரி. அதை நான் மூன்று ஆண்டுகளாக அறிவேன். கோடு செல்லாது என்றால் அவன் உறுப்பினர். அவன் மகனும் உறுப்பினன். ஆனால் கோடு செல்லாது என்று சொல்ல வேண்டியவன் அதை இழுத்தவன். ஏட்டில் பொய்த் தேதி எழுதிய எழுத்தருக்கு எங்கள் ஊரில் தண்டனை ஒன்றுதான். வலது கையை எடுத்துவிடுவார்கள்.

"ஏட்டுல இருக்கறதுதான் நாள்" என்றேன். "நான் எழுதினதை நானே மாத்தமாட்டேன்."

கத்தரூசா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணே, லுனார்தோ உன் மடியில வளந்த பிள்ளை. நீ சொல்லாட்டி வேற யார் சொல்லுவா?"

"ஏடு பொய்யின்னு ஆனா அப்புறம் அதுல எந்தப் பேரை நம்புவாங்க?" அந்த வார்த்தைகள் எனக்கு நன்றாக வந்தன. அதுவரை பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கையை நினைத்துத்தான் சொன்னேன். ஏட்டை நினைத்து அல்ல.

நதால் என் வலது கையைப் பார்த்தான். மேசைமேல் இருந்தது. அதை எடுத்துத் திருப்பி, மை படிந்த விரலைக் கட்டைவிரலால் தேய்த்தான்.

"நல்ல கை. வச்சுக்கோ மச்சான்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கத்தரூசா சட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

அந்த இலையுதிர்காலத்தில் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் சிலர், தங்களையும் சேர்க்கச் சொல்லி, மன்றக் கதவைத் தட்டினார்கள். கலகம் என்று சொல்லித் தலைமை தாங்கியவர்களைத் தூக்கிலிட்டார்கள். தட்டிய கூட்டத்தில் பின்வரிசையில் லுனார்தோ நின்றதைத் தொமாதோ உள்ளேயிருந்து பார்த்திருக்கிறான். தன் அப்பாவிடம் மட்டும் சொன்னான். பியாசியோ இரவோடு இரவாக, படகு ஒத்துக்கொள்ளாத மனிதர், படகில் வந்து நதால் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"பையனை அனுப்பிடு நதால். இன்னும் பேர் எழுதிக்கிட்டிருக்காங்க."

கப்பல் ஓடும் பருவம் முடிந்துபோயிருந்தது. கடைசிக் கப்பல் ஒன்று நெக்ரோபோன்தேவுக்குப் புறப்பட நின்றது. மாலுமிகளே போகத் தயங்கிய பயணம். வேறு நாளாயிருந்தால் நதால் தன் மகனை அதில் ஏற்றியிருக்கமாட்டான். ஏற்றிவிட்டான். மோதோன் துறையில் காய்ச்சல் கண்டு லுனார்தோ இறந்தது 1301 ஜனவரி பதினேழு. பதினெட்டு வயது, ஏழு மாதம். அங்கேயே புதைத்தார்கள். செய்தி எங்களுக்கு வந்தது ஏப்ரலில். இடையில் மூன்று மாதம் கத்தரூசா அவனுக்குக் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் நான் அந்தப் பெயர்களைப் பார்த்தேன். விசாரணை ஏட்டில் லுனார்தோ பெரின் என்று எங்குமில்லை. யாரும் அவனைத் தேடவில்லை. இதை நதாலிடம் நான் சொல்லவில்லை.

அதன் பிறகு நதால் கடலுக்குப் போகவில்லை. வீட்டிலிருந்தபடி மற்றவர் பிள்ளைகளுக்கு முதல் கொடுத்தான். பெரும்பாலும் சந்துப் பையன்கள். சரக்கு என்னவென்று விசாரிக்கமாட்டான். கம்பளி இருக்கிறதா, கப்பலில் நோய்க்கு மருந்து தெரிந்தவர் உண்டா, இதைத்தான் கேட்பான். ரியால்தோவில் என்னைக் கண்டால் தலையசைப்பான். பதினாறு ஆண்டுகளில் அவன் என்னிடம் பேசியது மூன்று முறை. மூன்றும் வானிலை பற்றி.

1316 நவம்பர் ஆறு, சனிக்கிழமை, அவனுக்கு முடியவில்லை என்று கேட்டுப் போனேன். சன்னல் பக்கம் படுக்கை. கால்கள் வீங்கியிருந்தன. கத்தரூசா எனக்கு முக்காலியைக் காட்டினாள்.

"மாப்ள" என்றேன். "நான் திங்கட்கிழமை நாற்பதின்மர்கிட்ட போறேன். நாளை மாத்தி எழுதினேன்னு சொல்லப் போறேன். மூணாம் தேதி, சனிக்கிழமைன்னு சொல்றேன். எனக்கு எழுபதாச்சு. இந்தக் கையை வச்சு இனி என்ன பண்ணப் போறேன்? உன் பேர் நிக்கும்."

அவன் என்னைப் பார்த்தான். கோபம் வரும் என்று காத்திருந்தேன். அது வந்திருந்தால் எனக்கு நல்லது. அவன் முகத்தில், கணக்குத் தெரியாத ஒருவன் பெரிய தொகையைக் கேட்டபோது இருப்பதுபோல ஒரு குழப்பம்தான் இருந்தது.

"யாருக்கு மச்சான்?" என்றான்.

கொஞ்சம் தண்ணீர் கேட்டான். நான் எழுந்தேன்; கத்தரூசா முந்திக்கொண்டாள். அவன் தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"தண்ணி வடியறதுக்குள்ள கிளம்பு அண்ணே. அப்புறம் படகு தரைதட்டும்."

திங்கட்கிழமை நான் நாற்பதின்மரிடம் போகவில்லை. செவ்வாய்க்கிழமை அவன் இறந்தான். பியாசியோவும் தொமாதோவும் பெட்டியைத் தூக்கினார்கள். சந்துப் பையன்கள் ஒன்பது பேர் வந்திருந்தார்கள், மற்றவர்கள் கடலில். மன்றத்து ஏட்டில் இன்றும் அக்டோபர் இரண்டு என்றே இருக்கிறது. அவன் வந்தது மூன்றாம் நாள்.