அத்தான் பெயரில் நான்கு தனிமங்கள்

ராணி அக்காவின் தாவணியில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அன்றைக்குப் பள்ளியில் அவளுக்கு வேதியியல் செய்முறை வகுப்பு என்று அர்த்தம். அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டிவனத்தில், அந்த நாற்றத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்துதான், தனிமங்களின் ஆங்கிலக் குறியீடுகளைக் கோத்து ஆட்களின் பெயரை எழுதும் விளையாட்டை எனக்குக் காட்டினாள். ரேடியமும் நிக்கலும் சேர்ந்தால் அவள் பெயர் வந்துவிடும். மல்லிகா என்ற என் பெயரோ முதல் எழுத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும், எனக்கு அழுகை வரும்.

பள்ளி இறுதித் தேர்வு முடிந்த கையோடு அவளை விழுப்புரத்தில் மல்லாட்டை உடைத்துக் கடலை எடுக்கும் ஆலையில் வேலை பார்த்த பாஸ்கர் அத்தானுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். "புருஷன் பேர வாயால சொன்னா அவனுக்கு ஆயுசு கொறையும்" என்று மாமியார் முதல் நாளே சொல்லிவைத்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் விடுவார்களா? "உங்க ஊட்டுக்காரர் பேரு இன்னா?" என்று சீண்டுவார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "பேரியம், சல்பர், பொட்டாசியம், ஆர்கான்" என்பாள். அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. நான்கின் குறியீடுகளையும் வரிசையாக வைத்தால் அத்தான் பெயர் என்பது விடுமுறைக்குப் போயிருந்த எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பெருமையில் நாளைக்குப் பத்துத் தடவையாவது அவளைச் சொல்லச் சொல்லிப் பிடுங்கியெடுப்பேன். அவளும் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

மறு வருஷம் ஐப்பசியில், மூன்றே நாள் காய்ச்சலில் அத்தான் செத்துப்போனார்.

சில மாதம் கழித்து ஏதோ சான்று வாங்க அப்பா அக்காவை ஆபீசுக்கு அழைத்துப்போனார். துணைக்கு நானும் போனேன். குமாஸ்தா இறந்தவர் பெயரைக் கேட்டார். அப்பா வாயெடுத்ததும், சம்சாரமே சொல்லட்டும் என்று குமாஸ்தா தடுத்துவிட்டார். அக்கா அந்த நான்கையும் சொல்லிவிடுவாளோ என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நிமிர்ந்து, "பாஸ்கர்" என்றாள். அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா அவளையே பார்த்தார்.

"இனிமே கொறையறதுக்கு இன்னாப்பா இருக்குது" என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு பயம் பிடித்தது. சுற்றிவளைத்துச் சொன்னாலும் சொன்னதுதானோ, நான் பிடுங்கியெடுத்துச் சொல்லவைத்த தடவைகள்தான் அத்தானின் ஆயுசைத் தின்றுவிட்டனவோ என்று பத்து வயதில் தூக்கமில்லாமல் கிடந்தேன். அது மூடத்தனம் என்று பிற்பாடு புரிந்தது. ஆனாலும் அக்காவிடம் கேட்க எனக்கு வாய் வரவேயில்லை.

இன்று என் பேத்தி தன் புருஷனை மாடியிலிருந்து பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். அவன் கல்லுக்குண்டாட்டம் நன்றாகத்தான் இருக்கிறான். அந்த மாமியாரும் இல்லை, சீண்டிய பெண்களும் இல்லை, அந்த வழக்கமும் இல்லை. போன ஆவணியில் அக்காவும் போய்விட்டாள். பள்ளிக்கூடம் போகிற பேரன் தனிமங்களை ஒப்பிக்கும்போது என்னைத்தான் புத்தகத்தோடு எதிரில் உட்காரவைக்கிறான். பேரியம் வருவதற்குள், தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.