முன்னால் மாட்டிய புது டயர்கள்

டயர் கடையில் எல்லோரும் அவரை அளவுக்குச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். டயரில் பள்ளம் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் சின்ன அளவுகோல் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். கல்யாணத்துக்குப் போனாலும் வாசலில் நிற்கும் கார்களைக் குனிந்து அளந்துவிட்டுத்தான் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்ப்பார் என்று கேலி செய்வார்கள். இருபத்திரண்டு வருஷ வேலையில் முழங்கால் இரண்டும் தேய்ந்திருந்தன. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தம் என்று இருந்தது ஒரே தங்கை.

தங்கையின் கணவர் டைல்ஸ் கம்பெனியின் விற்பனையாளர். மாதிரிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கடை கடையாக அலைவதற்காக, பின்பக்கம் நீண்ட பழைய ஸ்டேஷன் வேகன் ஒன்றை வாங்கியிருந்தார். நல்ல மனுஷன். தெரியாததையும் தெரிந்த மாதிரி பேசுவார், அவ்வளவுதான். மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், வண்டியின் முன்டயர் இரண்டும் வழவழவென்று ஆகிவிட, மாற்றுவதற்காகக் கடைக்கு வந்தார்.

பின்னால் இருந்த டயர்களும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன. அந்த இரண்டையும் முன்னால் கொண்டுவந்துவிட்டு, புதுசைப் பின்னால் மாட்டலாம் என்றார் அளவுக்குச்சி.

மாப்பிள்ளை சிரித்தார். “இது முன்சக்கரம் இழுக்கிற வண்டி, மச்சான். பின்னாடி இருக்கிறது சும்மா கூட வருது. அதுக்குப் போய் புதுசா?”

“முன்னாடி வழுக்கினா ஸ்டியரிங்லயே தெரிஞ்சிடும், மாப்பிள்ளை. கொஞ்சம் விட்டுப் பிடிக்கலாம். பின்னாடி வழுக்கினா, நமக்குத் தெரியறதுக்குள்ள வண்டி திரும்பிடும். உங்க வண்டியில பாரம் வேற வால்ல இருக்கு.”

முதலாளி கல்லாவில் இருந்தபடியே, கேட்டதைப் போட்டு அனுப்பு என்று கண்ணைக் காட்டினார். நாலு பேர் நிற்கும் இடத்தில் தங்கை வீட்டுக்காரரோடு மல்லுக்கு நிற்க முடியுமா? நாளைக்கு அது அவளிடம்தான் போய் முடியும். அளவுக்குச்சி வார்த்தையை விழுங்கிக்கொண்டு புதுசை முன்னாலேயே மாட்டினார். நட்டுகளை ஒன்றுக்கு இரண்டு தடவை முறுக்கிப் பார்த்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் மழை பெய்துகொண்டிருந்தது. தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மாப்பிள்ளை மேம்பாலத்திலிருந்து இறங்கினார். இறக்கத்திலேயே ஒரு வளைவு. முன்னால் போன லாரியின் பின்விளக்கு சிவக்கவே, பயந்துபோய் ஆக்சிலேட்டரில் இருந்து காலைச் சட்டென்று எடுத்தார். வண்டியின் எடை முழுக்க மூக்குக்குப் போக, பின்பக்கம் பிடி விட்டது. பின்னால் இருந்து யாரோ வண்டியைத் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது என்று பிற்பாடு சொன்னார். வண்டி அரைவட்டம் சுற்றி, தங்கை உட்கார்ந்திருந்த பக்கமாகச் சுவரில் போய் மோதியது. அவருக்கு நெற்றியில் ஒரு கீறல். அவளுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாமல் போயிற்று.

நாலாம் நாள் அளவுக்குச்சி போலீஸ் ஸ்டேஷன் பின்புறத்துக்குப் போனார். நசுங்கிய வண்டிக்குப் பக்கத்தில் சேற்றில் மண்டியிட்டு அளந்தார். முன்னால் ஏழு மில்லிமீட்டர், பின்னால் இரண்டு. விசாரித்த அதிகாரியிடம் போய்ச் சொன்னார். இரண்டு இருந்தால் சட்டப்படி போதும், வேகமும் அதிகமில்லை, மழை என்றே எழுதியாகிவிட்டது என்றார் அதிகாரி. ஆள் மேல் குற்றமில்லை, வண்டி மேலும் குற்றமில்லை. அளவுக்குச்சிக்கு அது ஆறுதலாக இல்லை.

தங்கையிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளை மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னார். அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அவர்கிட்ட சொன்னியாண்ணா?”

“சொன்னேம்மா.”

“எத்தனை தடவை?”

“ஒரு தடவை.”

அவள் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, “இதை அவர்கிட்ட சொல்லிடாத” என்றாள். “என்னைக் குளிப்பாட்டறது, துடைச்சுவிடறது எல்லாம் இனிமே அவர்தான். மழைன்னு நெனச்சுட்டு இருக்கார். அப்படியே இருக்கட்டும்.”

சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஒன்றரை வருஷம் கழித்து மாப்பிள்ளை இன்னொரு வேகனோடு கடைக்கு வந்தார். சக்கர நாற்காலியை மடித்து வைக்கப் பின்னால் இடம் வேண்டும் என்று அதே மாதிரி வண்டியைத் தேடி வாங்கியிருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். இதற்கும் இரண்டு டயர் மாற்ற வேண்டியிருந்தது. அவர் டீ குடிக்கப் போன இடைவெளியில் அளவுக்குச்சி புதுசைப் பின்னால் மாட்டிவிட்டார். திரும்பி வந்த மாப்பிள்ளை அதைக் கவனித்து, ஏன் என்று கேட்டார்.

காரணத்தைச் சொன்னால் தங்கைக்குக் கொடுத்த சத்தியம் உடையும். “இந்த ஒரு தடவை நான் சொல்றதைக் கேளுங்க, மாப்பிள்ளை” என்று கையைப் பிடித்துக்கொண்டார். மச்சானுக்கு வயசாகிறது என்று மாப்பிள்ளை நினைத்திருக்கலாம். சரி சரி என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் தங்கைக்கு உடற்பயிற்சி கொடுக்கும் நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனார் அளவுக்குச்சி. வாசலில் வண்டி நின்றது. குனிந்து பார்த்தார். புது டயர் இரண்டும் முன்னால் இருந்தன. ஸ்டியரிங் கொஞ்சம் ஆடிற்று, வீட்டுப் பக்கத்துக் கடைக்காரன் மாற்றிக் கொடுத்தான் என்று மாப்பிள்ளை சாதாரணமாகச் சொன்னார். நாற்காலியில் இருந்த தங்கை அதைக் கேட்டாள். அண்ணனைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள்.

இரண்டு ஆண்களும் சேர்ந்து அவளைத் தூக்கி இருக்கையில் வைத்தார்கள். பெல்ட்டை அளவுக்குச்சியே மாட்டிவிட்டார். மெதுவாகப் போங்கள் என்றார். மெதுவாகத்தான் போகிறேன் என்றார் மாப்பிள்ளை. அதுவும் உண்மைதான், அன்றைக்கும் அவர் வேகமாகப் போகவில்லை.

அதற்குப் பிறகு கடையில், புதுசு முன்னாலா பின்னாலா என்று அவர் யாரிடமும் வாதாடவில்லை. சொன்ன இடத்தில் மாட்டி அனுப்பினார். மழை பெய்யும் நாட்களில் மட்டும், அவர்கள் வீடு திரும்பியிருக்கும் நேரம் பார்த்துத் தங்கைக்குப் போன் செய்வார்.

“வந்துட்டோம்ணா” என்பாள். அதைக் கேட்டுவிட்டு அவர் போனை வைப்பார்.