நைனா பேருந்து நிறுத்தத்தில் சொன்னது

என் நைனா நாகையா கூச்சக்காரர். சோறு போதவில்லை என்றுகூடச் சொல்ல மாட்டார். அம்மாதான் பார்த்துப் போட வேண்டும்.

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய விஜயபுரம் மண்டலத்தில் எங்கள் ஊர். மாங்காய்க் காலம் வந்தால் பங்காருபாளையம் மண்டிக்கு லோடு ஏற்றப் போவார். மேஸ்திரியின் வேன் வந்து ஆட்களை ஏற்றிக்கொள்ளும். சீசன் முடியும்வரை அங்கேயே கொட்டகையில் ஒன்றாகப் படுப்பார்கள்.

இருமல் வந்தபோது மண்டித் தூசி என்றார். உடம்பு இளைத்தது. சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. யாருக்கும் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினார். மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேனில் ஏற்ற மாட்டான்.

மாத்திரை கொண்டுவந்தவள் ஊர்ச் சுகாதாரப் பணி பார்க்கும் ஆஷா ஊழியர் சுலோசனா. பங்காளி வீட்டு மருமகள். எங்கள் வழக்கத்தில் மருமகள் முறைப் பெண் மாமனார் முறை ஆணிடம் முகம் பார்த்துப் பேசுவதில்லை. அவள் வாசலில் நின்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"டெய்லி துன்னணும் மாமா. வுடக் கூடாது. ஒடம்புல சின்னச் சின்ன மாத்தம் வரும். பயப்படாதீங்க."

அந்த மாற்றம், சிறுநீர் சிவப்பாகப் போவது. அது மருந்தின் நிறம், கெடுதல் இல்லை. அதை அவளுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மாமனாரிடம் எந்த வாயால் சொல்வாள்? விட்டுவிட்டாள்.

மறுநாளே நைனாவுக்குச் சிவப்பாகப் போயிற்று. காமாலை என்று நினைத்தார். மருமகளிடம் எந்த வாயால் கேட்பார்? அவரும் விட்டுவிட்டார். பாலசமுத்திரம் பக்கம் ஒருவர் காமாலைக்கு ஞாயிறு காலையில் இலை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். உப்பில்லாத சோறு, வேறு மருந்து எதுவும் கூடாது என்பது பத்தியம். அவரிடமும் நைனா காசநோயைச் சொல்லவில்லை.

மாத்திரையை நிறுத்தினார். சிவப்பு போனது. காமாலை இறங்கிவிட்டது என்று மாத்திரையைத் தொடங்கினார். சிவப்பு வந்தது. மறுபடி இலை, மறுபடி பத்தியம்.

நான் தொழிற்சாலையில் இயந்திரக் கோளாறு கண்டுபிடிக்கும் வேலை பார்க்கிறேன். ஒன்றை நிறுத்திப் பார்ப்பது, திரும்ப ஓட்டிப் பார்ப்பது எங்கள் முறையும்தான். நைனா பார்த்ததில் பிழை இல்லை. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட அர்த்தத்தில்தான் பிழை. விட்டு விட்டு மாத்திரை போட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அவர் உப்பில்லாத சோறு தின்று, ஒழுங்காக, அதைச் செய்துகொண்டிருந்தார்.

இருமலில் ரத்தம் வந்த பிறகு திருப்பதிக்கு அழைத்துப் போனேன். வழக்கமான மருந்து இனி கேட்காது என்றார் டாக்டர்.

"மந்துலு மத்யலோ ஆபேசாரா?" நடுவில் மருந்தை நிறுத்தினீர்களா என்று கேட்டார்.

நைனா என்னைப் பார்த்தார். "நீ கொஞ்சம் வெளிய இரும்மா," என்றார். மகளை வைத்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

புதிய மாத்திரைகள் ஏராளம். குமட்டல், கால் எரிச்சல். எதையும் விடவில்லை. ஆனால் நுரையீரல் பாதி போயிருந்தது. விஷயம் தெரிந்ததும் சுலோசனா எங்கள் வாசலில் உட்கார்ந்து அழுதாள். அப்போதும் சுவரைப் பார்த்துத்தான்.

மாசியில் பக்கத்து வீட்டுச் சுமித்ராவுக்கும் காசநோய். கல்யாணமாகி வருடம் திரும்பாத பெண். அவளுக்கு மாத்திரையை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்து அனுப்பிவிட்டார்கள், சுலோசனா வழியாக வரவில்லை. தான்தான் கொடுத்துவிட்டோம் என்று நைனா நினைத்தார். அவளுடைய கிருமிக்கு வழக்கமான மருந்து கேட்கிறது, அது உன்னுடையது இல்லை என்று நான் சொன்னேன். நம்பவில்லை.

ஒரு ஞாயிறு காலை அம்மா வந்து சொன்னாள்: சுமித்ராவுக்குக் காமாலையும் சேர்ந்துகொண்டதாம்; மாமியார் செங்கம்மா இலை மருந்துக்குக் கூட்டிப் போகிறாளாம்.

நைனா முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கூடப் போனேன். வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். நிறுத்தத்தில் சந்தைக்குப் போகும் பெண்கள், பைக்கில் சாய்ந்திருந்த வாலிபர்கள். பேருந்து இன்னும் வரவில்லை.

"அண்ணி, எங்க கெளம்பிட்ட?" என்று செங்கம்மாவிடம் கேட்டார் நைனா.

"இவளுக்குக் காமாலப்பா. எலமருந்துக்குப் போய்க்கினு இருக்கோம்."

நைனா சுமித்ரா பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஒன்னுக்கு செவப்பா போவுதா?"

நிறுத்தமே திரும்பிப் பார்த்தது. சுமித்ரா முந்தானையில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"இன்னா பேச்சு இது நாகையா?" செங்கம்மா கத்தினாள். "மருமவகிட்ட கேக்கிற கேள்வியா? நோவுல மூளையும் கரைஞ்சிடுச்சா?"

"கரையட்டும் அண்ணி. எனக்கு டீபீ. தூசின்னு சொன்னது பொய்யி. மாத்திர துன்னா எனக்கும் செவப்பாத்தான் போச்சி. காமாலன்னு இதே பஸ்ஸுல போனேன். மாத்திரைய வுட்டேன். இப்ப பாரு." மூச்சு வாங்கினார். "இவ கண்ணப் பாரு, மஞ்சளாவா கீது? அது மருந்து கலரு. இட்டுக்கினு வூட்டுக்குப் போ."

"நாகையா மாமா ஒன்னுக்கு டாக்டரு ஆயிட்டாருடா," என்றான் பைக்கில் இருந்தவன். எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். அது இருமலில் போய் முடிந்தது.

பேருந்து வந்தது, போனது. செங்கம்மா ஏறவில்லை. நைனாவோடு பேசவும் இல்லை. மறுநாள் சுலோசனா சுமித்ராவை அழைத்துப்போய் ரத்தம் பார்க்க வைத்தாள். காமாலை இல்லை.

சித்திரையில் வேன் வந்தது. ஒரு கூடைகூடத் தூக்க முடியாது என்று நைனாவுக்கே தெரியும். ஆனாலும் துண்டோடு போய் நின்றார். வேன் நிற்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

"எடம் இல்ல போலக் கீது," என்றார் அம்மாவிடம்.

ஆடியில் இறந்தார். எடுக்க வந்த கூட்டம் குறைவு.

சுலோசனா இப்போது முதல் நாளே சொல்லிவிடுகிறாள். மாமனார் முறை என்றாலும் முகம் பார்த்துச் சொல்கிறாள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்கிறாள்.

ஆவணியில் சுமித்ரா வந்தாள். அம்மா நைனா படத்தின் முன்னால் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திர முடிஞ்சிது அத்த. சளியில ஒன்னும் இல்லன்னுட்டாங்க."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப வெள்ளையா போவுதா?"

"போவுது அத்த."

அம்மா சிரித்தாள். நைனா போன பிறகு அன்றுதான் சிரித்தாள். பாதியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுமித்ரா பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா கையிலிருந்த விளக்கை வாங்கிக் கீழே வைத்தாள்.